பெயர் தெரியாத உடலுக்குப் பெயர் தேடுவது

1948 டிசம்பர் 1 அன்று காலை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு அருகே சாமர்டன் கடற்கரையில் கோட்டும் டையும் அணிந்த ஒருவர் இறந்து கிடந்தார். கைரேகை எடுத்து வெளிநாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். பல்வரிசையைக் குறித்துக்கொண்டார்கள். தலைக்கும் தோளுக்கும் பிளாஸ்டர் அச்சு எடுத்து வைத்தார்கள். 73 ஆண்டுகள் பெயர் கிடைக்கவில்லை. 2022 ஜூலையில் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபட்டும், அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் அவர் மெல்பர்னில் பிறந்த கார்ல் வெப் என்று அறிவித்தார்கள். அந்தப் பிளாஸ்டர் அச்சில் ஒட்டியிருந்த சில முடிகள்தான் ஆதாரம்.

செய்தியைப் படிக்கிறவர்களுக்கு முடியைக் கருவியில் போட்டதும் பெயர் வந்துவிட்டது போலத் தோன்றும். முடியிலிருந்து வந்தது சுமார் 20 லட்சம் மரபணுக் குறிகள் கொண்ட ஒரு கோப்பு மட்டுமே. பெயரைக் கண்டுபிடிக்க, அந்தக் கோப்போடு பொருந்தும் தூரத்து உறவினர்களைத் தரவுத்தளத்தில் தேடி, ஏறத்தாழ 4,000 பேர் கொண்ட குடும்ப மரத்தை எழுத வேண்டியிருந்தது. இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள், குறிப்பாக ஆய்வகப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இந்த விகிதத்தைத்தான். ஆய்வகத்தில் தவறினால் எலும்பு போய்விடும். மரத்தில் தவறினால் வேறொருவருடைய குடும்பத்துக்குத் துக்கச் செய்தி போய்விடும்.

எலும்பைத் தொடுவதற்கு முன்னால் பழைய கோப்பை முழுக்கப் படிக்க வேண்டும். கைரேகை எடுத்திருந்தால் மீண்டும் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். 1980களில் பொருந்தாத ரேகை இன்றைய மென்பொருளில் பொருந்துவது நடக்கிற விஷயம். செலவும் மிகக் குறைவு. பல் எக்ஸ்ரே, எலும்பில் பொருத்திய தகட்டின் வரிசை எண், பழைய எலும்பு முறிவு எல்லாவற்றையும் ஒரே தாளுக்குக் கொண்டுவாருங்கள். வயது, உயரம், இறந்த காலம் பற்றிய மதிப்பீடுகளை மட்டும் தளர்வாகப் பிடியுங்கள். எலும்புக்கூட்டை வைத்துச் சொன்ன வயது பத்தாண்டு தவறலாம். வரைந்த முகத்தை நம்பி, அதற்குப் பொருந்தாத ஆட்களை ஒதுக்கியதால் நின்றுபோன வழக்குகள் உண்டு.

உடலின் பாகங்கள் எங்கே என்பது அடுத்த கேள்வி. பிரேதப் பரிசோதனையில் எடுத்த ரத்தம், மெழுகுக் கட்டியில் பதித்த திசு, பிடுங்கிய பல், வெட்டியெடுத்த தாடை இவற்றில் ஏதாவது ஒன்று எங்காவது அலமாரியில் இருக்கும். 1981 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் நகருக்கு அருகே மான்தோல் மேல்சட்டையுடன் கிடைத்த இளம்பெண்ணின் ரத்த மாதிரி, குளிர்பதனம் இல்லாமலே 2018 வரை இருந்தது. டி.என்.ஏ. சிதைந்திருந்தும் வேலைக்கு ஆனது. ஆகவே கல்லறையைத் தோண்டுவது கடைசி வழி. தோண்டத்தான் வேண்டும் என்றால், யார் எந்த இடத்தில் புதைக்கப்பட்டார் என்ற இடுகாட்டுப் பதிவேட்டை முதலில் சரிபாருங்கள். அரசுச் செலவில் புதைத்த இடங்களில் ஒரே குழியில் இரண்டு மூன்று பெட்டிகள் இருப்பதும், எண் பொறித்த கல் நகர்ந்துபோயிருப்பதும் சாதாரணம்.

இங்கே இரண்டு வகை டி.என்.ஏ. சோதனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றச் செய்திகளில் நாம் கேள்விப்படுவது எஸ்.டி.ஆர். சோதனை: டி.என்.ஏ.வின் சில இடங்களில் ஒரு சிறு துணுக்கு எத்தனை தடவை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவது. அமெரிக்கக் காவல்துறையின் டி.என்.ஏ. தரவுத்தளமான கோடிஸில் 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறார்கள். தாய், தந்தை, பிள்ளை என்ற நெருக்கத்தை அது உறுதியாகச் சொல்லும். தூரத்து உறவைச் சொல்லாது. ஒப்பிட ஆள் இருந்தால்தான் அதற்குப் பயன். தூரத்து உறவினர்களைக் கொண்டு பெயரைக் கண்டுபிடிக்கும் வம்சவழித் தேடலுக்கு வேண்டியது எஸ்.என்.பி., அதாவது ஓரெழுத்து மாறும் இடங்கள், லட்சக்கணக்கில். அதை வைத்து மூன்றுவிட்ட, நான்குவிட்ட உறவு வரை போகலாம். எஸ்.டி.ஆர். முடிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க நீதித்துறையின் 2019 நவம்பர் முதலான இடைக்காலக் கொள்கையும், முதலில் கோடிஸில் தேடிப் பொருத்தம் இல்லை என்றான பிறகே வம்சவழித் தேடலுக்குப் போகச் சொல்கிறது. கடைசியில் பெயரை உறுதிசெய்யும்போதும் பெரும்பாலும் எஸ்.டி.ஆர்.தான் கைகொடுக்கும்.

இனி மாதிரி. நல்ல எலும்பு எது என்று கேட்டால், மண்டையோட்டின் பக்கத்தில் உள்ள பொட்டெலும்பில், உள்காதைச் சூழ்ந்திருக்கும் கெட்டிப் பகுதி முதலிடம். முழுமையாக உள்ள கடைவாய்ப்பல், தொடை எலும்பின் நடுப்பகுதி அதற்கடுத்து. விலா எலும்பும் முதுகெலும்பும் மென்மையானவை, மண்ணின் பாக்டீரியா எளிதில் நுழைந்துவிடும். வெளிப்பரப்பை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுரண்டி, நீர்த்த பிளீச்சில் கழுவி, புற ஊதா ஒளியில் வைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்குகிறார்கள். சாதாரண டிரில் போட்டால் சூடேறி, இருக்கிற டி.என்.ஏ.வும் உடையும். பொதுவாகக் கால் கிராமிலிருந்து ஒரு கிராம் வரை பொடி போதும். ஈ.டி.டி.ஏ. கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்துச் சுண்ணத்தைக் கரைத்து, புரோட்டினேஸ் கே நொதி கொண்டு புரதத்தை உடைத்து, சிலிக்கா வடிகுழாயில் டி.என்.ஏ.வைப் பிடிப்பது வழக்கமான முறை. ஒவ்வொரு தடவையும் எலும்பே இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். அதில் மனித டி.என்.ஏ. தெரிந்தால் அன்றைய தொகுதி முழுவதும் சந்தேகத்துக்குரியது.

பலர் சறுக்குவது அளவு பார்க்கும் கட்டத்தில். மொத்த டி.என்.ஏ. நிறைய என்று அறிக்கை வரும். அதில் நூற்றில் 98 பங்கு மண் பாக்டீரியாவாக இருக்கும். மனித டி.என்.ஏ. எத்தனை நானோகிராம், குட்டைத் துண்டுக்கும் நெட்டைத் துண்டுக்கும் இடையிலான விகிதம் என்ன, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த விகிதம்தான் சிதைவின் அளவு. வீட்டுச் சோதனை நிறுவனங்கள் பயன்படுத்தும் சிப்புக்குச் சுமார் 200 நானோகிராம் நல்ல டி.என்.ஏ. வேண்டும், பழைய எலும்பில் அது கிடைப்பது அரிது. 10,230 குறிகளை மட்டும் பார்க்கும் கின்டெலிஜென்ஸ் என்ற தொகுப்புக்கு 1 நானோகிராம் போதும். ரொம்பவும் உடைந்துபோனதற்கு முழு மரபணுத்தொகை வரிசையிடல்தான் வழி. வேரில்லாத முடியில் இருக்கும் துணுக்குகளையும் இதே வழியில் படிக்கலாம் என்று காட்டியவர் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் கிரீன். ஃபார்மலின் ஏற்றிய உடல், வேகவைத்துச் சுத்தம் செய்த எலும்பு, வார்னிஷ் பூசிய மண்டையோடு மூன்றும் கடினமானவை. இவற்றை அனுப்பும்போது ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் தவறான முறையில் அரை எலும்பு வீணாகும். கிடைத்ததை ஒரே தடவையில் முழுதும் செலவழிக்காமல் பாதியை ஒதுக்கி வைப்பதைக் கறாரான விதியாக வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியைக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

வரிசையிட்டு வந்த தரவைத் தேடல் தளம் ஏற்கும் வடிவுக்கு மாற்றுவது அடுத்த வேலை. ஒவ்வொரு குறிக்கும் பெயர், குரோமோசோம் எண், இடம், இரண்டு எழுத்துகள் என்று வரிவரியாகப் போகும் எளிய கோப்பு அது. இங்கே வரும் பிழை கண்ணுக்குத் தெரியாது. ஒரு இடத்தைச் சராசரியாக ஒரே ஒரு தடவை படித்திருந்தால், தாயிடமிருந்து வந்த எழுத்தோ தந்தையிடமிருந்து வந்த எழுத்தோ ஒன்று மட்டும் தெரியும். மென்பொருள் அதையே இருமுறை எழுதிவிடும். உண்மையில் ஏ-ஜி, கோப்பில் ஜி-ஜி. ஒப்பிடப்படும் உறவினரிடம் ஏ-ஏ இருந்தால் அந்த இடத்தில் பொருத்தம் அறுந்துவிடும். 40 சென்டிமார்கன் (பொதுவான டி.என்.ஏ. துண்டின் நீளத்தைச் சொல்லும் அலகு) நீளத்துக்கு ஒரே துண்டாக வர வேண்டியது ஆறேழு துணுக்குகளாகி, 7 சென்டிமார்கன் என்ற வழக்கமான வரம்புக்குக் கீழே போய் மறைந்துவிடும். நெருங்கிய உறவே தரவுத்தளத்தில் இல்லை என்று முடிவு கட்டுவார்கள். உறவு அங்கேதான் இருந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, வேறு ஆளின் டி.என்.ஏ. கலந்திருந்தால் எல்லாரோடும் சின்னச் சின்னத் துண்டுகள் பொருந்தும். நூற்றுக்கணக்கானோர் எட்டு, ஒன்பது சென்டிமார்கனில் வரிசையாக நிற்கிறார்கள், மேலே ஒருவரும் இல்லை என்றால் மகிழ வேண்டாம். கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். குறிகளின் இடத்துக்கு மரபணு வரைபடத்தின் 37ஆம் பதிப்பு எண்ணுக்குப் பதில் 38ஆம் பதிப்பு எண் ஏறியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

கோப்பை எங்கே ஏற்றுவது? ஆன்செஸ்ட்ரி, 23 அண்ட் மீ ஆகிய பெரிய வீட்டுச் சோதனை நிறுவனங்கள் இப்படிப் பெயர் தெரியாத உடலின் கோப்பை ஏற்றித் தேட அனுமதிப்பதில்லை. நடைமுறையில், மக்கள் தம் டி.என்.ஏ. தரவைக் கொண்டு உறவினரைத் தேடும் தளங்களான ஜெட்மேட்ச், ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ. ஆகியவைதான் முக்கியமான இடங்கள். இந்தத் தளங்களின் விதிகள் ஒருமுறைக்கு மேல் மாறியிருக்கின்றன. 2019 மே மாதம் ஜெட்மேட்ச், சம்மதம் தெரிவித்தவர்களை மட்டுமே காவல்துறைத் தேடலுக்குக் காட்டுவது என்று மாற்றியபோது, அதுவரை தெரிந்த பொருத்தங்கள் பலருக்குக் காணாமல் போயின. ஏற்றும் அன்றைய விதியைப் படித்து, தேதியுடன் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். முதல் நாளே பொருத்தப் பட்டியல் முழுவதையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். யாரும் எப்போது வேண்டுமானாலும் தம் தரவை நீக்கலாம், அது அவர்கள் உரிமை.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே எத்தனை சென்டிமார்கன் பொதுவானது என்று ஓர் எண் இருக்கும். மரபுவழி ஆய்வாளர் பிளெய்ன் பெட்டிங்கர் திரட்டிய அளவுகளின் 2020 பதிப்புப்படி, ஒன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 866, வீச்சு 396 முதல் 1,397 வரை. இரண்டுவிட்ட உறவுக்குச் சராசரி 229, வீச்சு 41 முதல் 592. மூன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 73. பூஜ்யமாகவும் இருக்கலாம், 234 வரையும் போகலாம். நம் பேச்சில் சித்தப்பா பிள்ளை வேறு, மாமன் பிள்ளை வேறு. ஒருவர் பங்காளி, மற்றவர் முறைக்காரர். இந்த எண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தலைமுறைக் கணக்கும் தெரியாது: 220 என்ற எண் இரண்டுவிட்ட உறவாகவும் இருக்கலாம், தாத்தாவின் ஒன்றுவிட்ட தம்பியாகவும் இருக்கலாம். ஒரே எண்ணைப் பார்த்து உறவைத் தீர்மானிப்பது தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய பிழை.

ஒஹாயோ பெண்ணின் வழக்கில் முதல் பொருத்தமே ஒன்றுவிட்ட உறவுக்கு ஒரு தலைமுறை தள்ளி அமைந்தது. கோப்பு ஏறிய சில மணி நேரத்தில் பெயர் தெரிந்தது. காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் மார்கரெட் பிரெஸ்ஸும் தொடங்கிய டி.என்.ஏ. டோ பிராஜெக்ட் என்ற தன்னார்வ அமைப்பு 2018இல் வெளியிட்ட அந்த முடிவு பலருக்குத் தவறான எதிர்பார்ப்பைக் கொடுத்துவிட்டது. நீங்கள் சாதாரணமாகக் காணப்போவது 60க்கும் 110க்கும் இடையே நாலைந்து பேர். அதாவது மூன்றுவிட்ட உறவு.

மூன்றுவிட்ட உறவு என்றால் பொது முன்னோர் கொள்ளுத்தாத்தாவுக்கும் ஒரு தலைமுறை மேலே. அந்தத் தலைமுறையில் ஒருவருக்கு 8 தம்பதிகள். அதில் எந்தத் தம்பதி என்று தெரியாது. ஒவ்வொரு தம்பதிக்கும் இன்று வரை நூற்றுக்கணக்கில் சந்ததி. இதை ஒரு பொருத்தத்தை வைத்து உடைக்க முடியாது, இரண்டு வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: முதல் ஆள் 105, இரண்டாம் ஆள் 88, இருவரும் ஒருவருக்கொருவர் பொருந்தவில்லை. அப்படியானால் ஒருவர் தந்தைவழி, மற்றவர் தாய்வழி என்பதற்கு, குறைந்தது வெவ்வேறு கிளை என்பதற்கு, நல்ல வாய்ப்பு. இருவருடைய மரத்தையும் மேலே 8 தம்பதிகள் வரை எழுதி, பிறகு ஒவ்வொரு தம்பதியிலிருந்தும் கீழே எல்லாக் கிளைகளையும் எழுதிக்கொண்டே வர வேண்டும். எங்காவது முதல் மரத்தின் பேரன் இரண்டாம் மரத்தின் பேத்தியைக் கல்யாணம் செய்திருப்பான். அந்தக் கல்யாணம்தான் நாம் தேடுவது. இறந்தவர் அந்தத் தம்பதியின் பிள்ளை, அல்லது பிள்ளையின் பிள்ளை.

கீழே எழுதி வருவதுதான் நாள்கணக்கில் உட்கார வைக்கும் வேலை. அமெரிக்க வழக்குகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பக்கங்கள் 72 ஆண்டுக்குப் பிறகு வெளியாகும்; 1950ஆம் ஆண்டுப் பக்கங்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தன. 1890ஆம் ஆண்டுப் பதிவேடுகள் பெரும்பாலும் 1921 தீவிபத்துக்குப் பின் இல்லாமல் போனதால், அங்கே இருபதாண்டுப் பள்ளம் உண்டு; அதைத் தேவாலயப் பதிவாலும் நிலப் பத்திரத்தாலும் தாண்ட வேண்டும். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் 1870க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் அடிமைகளாக இருந்தவர்களின் பெயரே எழுதப்படவில்லை. கிடைப்பதில் எல்லாம் பொன்னானது இரங்கல் செய்தி: இன்னாருக்கு இத்தனை பிள்ளைகள், மணமான மகள்களின் புதுக் குடும்பப் பெயர், யார் எந்த ஊர் என்று எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். மற்றவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் மரங்களைத் துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள். பத்து மரங்களில் ஒரே தகவல் இருந்தால் ஒன்பது பேர் ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள்.

இறந்தவர் ஆண் என்றால் ஒரு கூடுதல் உதவி உண்டு. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆகவே எக்ஸில் நீளமான துண்டு பொருந்துகிறவர் தாய்வழி. ஒய் குரோமோசோம் தந்தையின் குடும்பப் பெயரைக் காட்டிக்கொடுக்கலாம். தத்துக் கொடுத்த பிள்ளையோ, ஊருக்குத் தெரியாத தகப்பனோ நடுவில் ஒருவர் இருந்துவிட்டால் அந்தப் பெயர் பொய்யாகும்.

நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பல தலைமுறை கல்யாணம் செய்த சமூகங்களில் இந்தக் கணக்கு முழுவதும் ஆடிப்போகும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று வழியில் உறவாவதை நாம் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்; ஒவ்வொரு வழியிலும் கொஞ்சம் டி.என்.ஏ. வந்து கூட்டுத்தொகை பெருகும். ஐந்துவிட்ட உறவு மூன்றுவிட்ட உறவு போலத் தெரியும். அஷ்கெனாசி யூதர்கள், லூசியானாவின் அகேடியர்கள், நியூ மெக்சிகோவின் பழைய ஸ்பானிய வழிக் குடும்பங்கள் ஆகியோரின் வழக்குகளில் இதைத் தினமும் சந்திக்கலாம். இங்கே கூட்டுத்தொகையை விட்டுவிட்டு மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். 90 சென்டிமார்கன் பன்னிரண்டு துணுக்குகளாகச் சிதறிக் கிடந்தால் தூரம்; அதே 90 மூன்று துண்டுகளில் வந்தால் பக்கம்.

மரத்தில் இடைவெளி விழுந்தால், அந்தக் கிளையில் உயிரோடு இருக்கும் ஒருவரைச் சோதனைக்கு அழைக்கலாம். காரணத்தை மறைத்து அழைக்கக் கூடாது. ஒரு பெயர் தெரியாத மனிதரை அடையாளம் காண உதவி வேண்டும் என்று நேராகச் சொன்னால் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அழைப்பதும் வழக்கை நடத்தும் அலுவலகத்தின் அனுமதியோடுதான். புதிய எண் வந்ததும் டி.என்.ஏ. பெயின்டர் தளத்தின் வாட்டோ கருவியில் மரத்தையும் எண்களையும் போட்டு, இறந்தவரை ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பார்த்தால் எந்த இடம் எத்தனை மடங்கு பொருத்தம் என்று தெரியும்.

கடைசியில் ஒரு தம்பதிக்கு வந்து நிற்பீர்கள். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள். உடன்பிறந்தவர்களுக்குள் யார் என்பதை இந்த முறை சொல்லாது. பாலினம், வயது, அதற்குமேல் தாள்கள்தான். நால்வருக்குக் கல்யாணப் பதிவோ வீட்டு முகவரியோ இறப்புச் சான்றோ இருக்கிறது, ஒருவருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு எதுவும் இல்லை. கார்ல் வெப்புக்கும் அப்படித்தான்: 1947இல் மனைவியைப் பிரிந்த பிறகு அவரைப் பற்றிய பதிவு இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. அந்த வெறுமை சான்று ஆகாது. பெயர் மாற்றிக்கொண்டு வேறு ஊரில் வாழ்ந்து முடித்தவர்களும் இப்படியே மறைவார்கள். காணவில்லை என்ற புகாரே இல்லாததும் தடை ஆகாது. புகார் கொடுக்கப்படாத, கொடுத்தும் ஏற்கப்படாத வழக்குகள் ஏராளம்.

ஆகவே அலுவலகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் 'இன்னாராக இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும். உறுதிசெய்வது மரண விசாரணை அதிகாரியின் வேலை: தாய், தந்தை, உடன்பிறப்பு, பிள்ளை இவர்களில் ஒருவரின் மாதிரியை எடுத்து ஒப்பிடுவது, அல்லது பழைய பல் குறிப்பு, கைரேகை. கார்ல் வெப் பெயர் அறிவிக்கப்பட்டபோது தென் ஆஸ்திரேலியக் காவல்துறை அதை உறுதிசெய்திருக்கவில்லை. 2021 மே மாதம் அவர்களே தோண்டியெடுத்த உடலின் சோதனை தனியாக நடந்துகொண்டிருந்தது. ஆய்வாளர் சொல்வதும் அரசு எழுதுவதும் இரண்டு வேறு காரியங்கள்.

குடும்பத்துக்குச் சொல்வது மரம் எழுதியவரின் வேலை அல்ல. ஆர்வத்தில் முகநூலில் அந்தக் குடும்பத்தைத் தேடி நட்பு அழைப்பு அனுப்புவது, கேள்வி கேட்டுப் பார்ப்பது இரண்டும் மன்னிக்க முடியாத தவறுகள். அதிகாரிகள் நேரில் போக வேண்டும், குறைந்தது இருவராக. எங்கே புதைத்திருக்கிறது, உடலை எப்படிப் பெறுவது, யாரைக் கூப்பிடுவது என்ற விவரம் தாளில் கையோடு இருக்க வேண்டும். ஒஹாயோ பெண்ணின் தாய், மகள் என்றாவது அழைப்பாள் என்று அத்தனை ஆண்டுகளும் வீட்டையும் தொலைபேசி எண்ணையும் மாற்றாமல் இருந்தார். அப்படி ஒருவர் கதவைத் திறப்பார் என்று எண்ணித்தான் போக வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்று குடும்பம் கேட்டால் அதற்கும் வழி உண்டு: 2001இல் வாஷிங்டன் மாநில மோட்டல் ஒன்றில் பொய்ப் பெயரில் தங்கி இறந்தவர் 2018இல் அடையாளம் காணப்பட்டபோது, குடும்பத்தின் வேண்டுகோளுக்கு இணங்க உண்மைப் பெயர் அறிவிக்கப்படவில்லை.

பிறகு இறப்புப் பதிவில் பெயர் திருத்தம், காணாமற்போனோர் பட்டியலில் நீக்கம், தளத்தில் ஏற்றிய கோப்பை அழித்தல், மீதி எலும்பைத் திருப்பிக் கொடுத்தல். எலும்பைத் திருப்புவது அடிக்கடி மறந்துபோகிறது. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் எத்தனை கிராம் போனது என்று முதல் நாளே எழுதிவைத்தால்தான் கடைசியில் கேட்டு வாங்க முடியும்.

பிலடெல்பியாவில் 1957 பிப்ரவரி 25 அன்று அட்டைப்பெட்டிக்குள் கிடைத்த சிறுவனை 1998இலும் 2019இலும் தோண்டியெடுத்தார்கள். டி.என்.ஏ. மிக மோசமாகச் சிதைந்திருந்ததால் படிக்கத்தக்க கோப்பு வரவே இரண்டரை ஆண்டு பிடித்தது. தாய்வழி உறவு முதலில் தெரிந்தது. பிறகு நீதிமன்ற ஆணை வாங்கி அந்தத் தாய் பெற்ற பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைத் தேடியதில் அவன் பெயரும் தந்தை பெயரும் கிடைத்தன. 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். ஐவி ஹில் இடுகாட்டில் 'அமெரிக்காவின் பெயர் தெரியாத குழந்தை' என்றிருந்த இடத்தில், அவனுடைய பெயர் பொறித்த கல்லைத் திறந்தது 2023 ஜனவரி 13 அன்று. அவன் பிறந்து அன்றைக்கு 70 ஆண்டுகள்.